ரிப்பன் கட்டிய டீ ஜாடி

எங்கள் வீட்டில் பணம் ஒரே டப்பாவில்தான் இருந்தது. பழைய பிஸ்கட் டப்பா, மூடியில் ஒரு குதிரை வண்டிப் படம். மாதம் பிறந்ததும் என் பள்ளிக்கூடச் சம்பளமும் என் வீட்டுக்காரருடைய ஆபீஸ் சம்பளமும் அதற்குள் போகும். முதலில் சபைக்கான காணிக்கைக் கவர் வெளியே வரும், அப்புறம் வாடகை, அரிசி, பால், ரயில் பாஸ். யார் எடுத்தாலும் எதற்கு என்று மற்றவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கல்யாணமான மறுமாதமே நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட சட்டம் இது. யோசனை என்னுடையது. முதலில் மீறியதும் நான்தான்.

காரணம் ஒரு கோழி. வீட்டுக் கோழி இல்லை, தாழைக்கோழி.

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்பதில், ஒன்பதாம் வகுப்புப் பெண்களைப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு அழைத்துப் போனபோது, கரையில் நின்றிருந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் தன் பைனாகுலரை இரண்டு நிமிஷம் கொடுத்தார். வெறும் கண்ணுக்குக் கோரைக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணாடியை வைத்ததும் அந்தப் புள்ளி மயில்கழுத்து நீலமாகிவிட்டது. சிவப்பு மூக்கு. ஒற்றைக் காலில் நின்றபடி மற்றக் காலால் ஒரு தண்டைப் பிடித்துத் தூக்கி, நாம் கரும்பு கடிப்பதுபோல் கடித்துத் தின்றது. பறவைகளின் கால் வகைகளை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவள் நான். கால் இப்படிக் கையாகிவிடும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பேராசிரியர் இருமிக் காட்டிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மூர் மார்க்கெட்டில் இருந்தேன். பட்டாளத்திலிருந்து வந்த பழைய பைனாகுலர் ஒன்று, தோல் உறையோடு. எழுபத்தைந்து சொன்னார் கடைக்காரர், அறுபத்தைந்துக்கு இறங்கினார். அதற்குக் கீழே இறங்கவில்லை.

இதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவர் கஞ்சன் இல்லை. கஞ்சனாக இருந்திருந்தால் சண்டை போட்டு வாங்கியிருப்பேன். கோவிலம்பாக்கம் பக்கம் ஒரு மனை வாங்க நாங்கள் பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டால் அவர் "சரி, வாங்கிக்கோ" என்பார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே இரண்டு தடவை தைத்த செருப்பை மூன்றாவது தடவை தைத்துக்கொள்வார். அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிப் பறவை பார்ப்பது?

ஆகவே திருட்டுத்தனம். விடைத்தாள் திருத்திய பணத்தில் பாதியை மட்டும் டப்பாவில் போட்டேன். தையல்காரரிடம் கொடுப்பதாகச் சொல்லிக் கூலியை எடுத்துக்கொண்டு, ஜாக்கெட்டை ஸ்டாஃப் ரூம் மெஷினில் நானே தைத்தேன். ஒரு ஜாக்கெட்டில் இடது கை ஒரு விரற்கடை நீளமாகிவிட்டது. "டெய்லரை மாத்தும்மா, அவனுக்குக் கண்ணு தெரியல," என்று அவர் இரண்டு முறை சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஒளித்து வைக்கத்தான் இடம் இல்லை. ஒண்டுக் குடித்தனம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அப்போதுதான் கண்ணாடி அலமாரியில் இருந்த டீ ஜாடி கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட். கோப்பைகள் வீடு மாறும்போதே உடைந்து, ஜாடியும் சர்க்கரைக் கிண்ணமும் மட்டும் மிஞ்சியிருந்தன. நாங்கள் இருவரும் காபி. கொடுத்தவர்கள் மூடியோடு சேர்த்துக் கட்டிய சிவப்பு ரிப்பன்கூட அவிழவில்லை. ஒவ்வொரு தடவையும் அதை அவிழ்த்து, தாளை மடித்து உள்ளே போட்டு, அதே மடிப்பில் திரும்பக் கட்டினேன். ரிப்பன் கட்டுவதில் எனக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது. சில்லறை சேர்ந்தால் சத்தம் போடும் என்று தாளாக மாற்றித்தான் போடுவேன். ஐம்பத்திரண்டு ரூபாய் சேர்ந்தது. நிறைய ஒற்றை ரூபாய்த் தாள்கள், ஜாடி கழுத்துவரை அடைந்துவிட்டது.

அப்போது அறுப்பின் பண்டிகை வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயலில் விளைந்ததில் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைக்கிற நாள் அது. ஆராதனை முடிந்ததும் அத்தனையையும் வெளியே பந்தலில் ஏலம் விடுவார்கள், பணம் சபைக்கு. எங்கள் சபையில் யாருக்கு வயல்? எல்லாரும் வாத்தியார், குமாஸ்தா, ரயில்வே. ஆகவே வாழைத்தார், கோழி, கேக், போர்வை, சுவர்க் கடிகாரம் எல்லாம் அறுவடைதான். நாங்கள் பூசணிக்காய் கொடுப்பதாக இருந்தோம். சனிக்கிழமை மார்க்கெட்டில் நல்ல காய் இல்லை. ஞாயிறு காலை பாட்டுக் குழுப் பயிற்சிக்கு நான் முன்னாலேயே கிளம்பும் அவசரத்தில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்:

"வீட்ல சும்மா இருக்கற புது சாமான் ஏதாவது எடுத்துக்கிட்டு வந்துடுங்க."

இதைச் சொன்ன வாய் என் வாய்தான்.

ஆராதனையில் பாட்டுக் குழுவோடு முன்னால் நின்று பாடும்போது, ஜனங்கள் வரிசையாக வந்து பலிபீடத்தின் முன் பொருள்களை வைத்துப் போனார்கள். பரங்கிக்காய்க்கும் ஒரு சேவலுக்கும் நடுவே சிவப்பு ரிப்பன். இரண்டாம் சரணத்தில் என் குரல் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா முழங்கையால் இடித்தார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்தேன். "எதுக்குங்க அந்த ஜாடி?"

"நீதானம்மா சும்மா இருக்கற சாமான்னு சொன்ன. அதைவிடச் சும்மா இருக்கறது நம்ம வீட்ல எது? சர்க்கரைக் கிண்ணத்தையும் எடுத்திருப்பேன், அதுல உன் ஹேர்பின் கிடந்துச்சு."

கிண்ணத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். ரிப்பன் இருந்ததால் ஜாடியைத் திறக்கவில்லை. என் கர்வம்.

ஏலம் விடுபவர் ரிடயர்ட் ரயில்வே கார்டு. கொடி இல்லாமலே ரயிலை நிறுத்தக்கூடிய குரல். சேவல் போனது, வாழைத்தார் போனது. ஜாடி மேலே எழுந்தது. "புத்தம் புது டீ ஜாடி. ரிப்பன்கூடப் பிரிக்கல. ரெண்டு ரூபா."

"மூணு," என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது நம்ம ஜாடிம்மா."

"தெரியும்."

"அப்புறம்?"

"பிடிச்சிருக்கு."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அஞ்சு." விறகுத் தொட்டிக்காரர். ஊரின் பழைய குடும்பம், முருக பக்தர், குன்றத்தூர் கிருத்திகை தவறாதவர், எங்கள் பண்டிகைக் கோழி ஏலத்துக்கும் தவறாதவர். ஏற்கெனவே கையில் இரண்டு கோழி.

"ஏழு," என்றேன்.

"டீச்சரே தன் ஜாடிய துரத்திகினு வராங்கன்னா சரக்குல இன்னாமோ கீது," என்று அவர் கூட்டத்துக்குச் சொன்னார். "பத்து."

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு. அந்தப் பணத்துக்கு அப்படி நான்கு ஜாடி வாங்கலாம். என் வீட்டுக்காரர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "மாசக் கடைசிம்மா." நான் "இருபது" என்றேன்.

"அண்ணா, உங்களுக்கு எதுக்கு டீ ஜாடி?" என்று விறகுத் தொட்டிக்காரரிடம் கெஞ்சியே விட்டேன்.

"எனுக்கு இன்னாத்துக்குன்னு தெரியாது டீச்சர். உங்குளுக்கு இன்னாத்துக்குன்னு தெரிஞ்சா வுட்டுடறேன்."

அவர் கோழிகளை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "கார்டு சார், கொஞ்சம் தட்டிக் காட்டு. வாங்கற பொருள் சத்தம் கேக்கணுமில்ல."

கார்டு ஐயா மோதிரம் போட்ட விரலால் ஜாடியைச் சுண்டினார். நல்ல பீங்கான் மணிபோல் கணீரென்று கேட்க வேண்டும். கேட்டது 'தொப்' என்று. தலையணையைத் தட்டியதுபோல. இன்னொரு தரம் சுண்டினார். தொப்.

"ஐய, ஊமை ஜாடி," என்றார் விறகுத் தொட்டிக்காரர். "எங்கியோ விரிசல் வுட்டுகினு கீது. நீயே வச்சிக்கோ டீச்சர்."

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஜாடி என் கைக்கு வந்தது. என்னுடைய ஐம்பத்திரண்டு ரூபாயை இருபது ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் பக்கத்தில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. விரிசல் இல்லாத ஜாடியை அன்று காலை தன் கையால் துடைத்துக் கொண்டுவந்தவர் அவர்.

லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தது. வெயிலில் நின்றோம். அவர் கை நீட்டி, என் கையிலிருந்த ஜாடியை ஒரு விரலால் சுண்டினார்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

"எதுக்கு?"

சொன்னேன். தாழைக்கோழி, சிவப்பு மூக்கு, கரும்பு கடித்த கால், மூர் மார்க்கெட், விடைத்தாள், எல்லாம். மின்சார ரயில் ஒன்று போய் முடிகிறவரை சொன்னேன். டப்பாவுக்கு நான் யோசித்த சட்டத்தை நானே மீறியதையும் சொன்னேன், அதைச் சொல்லும்போது மட்டும் ஜாடியைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் என் ஜாக்கெட்டுக் கையைப் பார்த்தார். "அப்போ அந்தக் கண்ணு தெரியாத டெய்லர்?"

"நான்தான்."

அதற்குப் பிறகுதான் சிரித்தார். கேட் திறந்து, சைக்கிள்காரர்கள் மணியடித்துத் திட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள், அவர் நடுவில் நின்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லியிருந்தா வாங்கிக்கோன்னு சொல்லியிருப்பேனே," என்றார்.

"தெரியும். அதான் சொல்லல. உங்க செருப்பைப் பாருங்க."

குனிந்து பார்த்தார்.

அன்று சாயங்காலம் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தோம். மாதம் பிறந்ததும் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஐந்து ரூபாய். ஜாடி எனக்கு, சர்க்கரைக் கிண்ணம் அவருக்கு. எதற்கு என்று கேட்கக்கூடாது, மூடியைத் திறக்கக்கூடாது. ஹேர்பின்களுக்கு வேறு வீடு பார்த்தேன்.

ஏலத்துக்குக் கொடுத்த இருபதை ஜாடியிலிருந்தே டப்பாவுக்குத் திருப்பியதால், பைனாகுலர் ஏழு மாதம் கழித்துத்தான் வந்தது. மூர் மார்க்கெட்காரர் அதற்குள் அதை விற்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் கனமான ஒன்றை அதே விலைக்குக் கொடுத்தார். முதல் ஞாயிறே பள்ளிக்கரணைக்குப் போனோம். "ரெண்டு நிமிஷம் குடு," என்று வாங்கியவர் கோரைக்குள் எதையோ பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் திருப்பித் தரவில்லை. நான் இருமிக் காட்டினேன். பயனில்லை.

விறகுத் தொட்டிக்காரர் இப்போதும் வழியில் பார்த்தால் விடுவதில்லை. "இந்த வருசம் இன்னா குடுக்கறீங்க டீச்சர்? முன்னாடியே சொல்டுங்க, நான் ஒதுங்கிக்கறேன்."

என் வீட்டுக்காரர் செருப்பு இன்னும் அதே செருப்புதான். தையல் ஐந்தாகிவிட்டது. கிண்ணத்துப் பணம் எதற்கென்று எனக்குத் தெரியாது. போன வாரம் அலமாரியைத் தூசி தட்டும்போது கிண்ணத்தை விரலால் ஒரு தடவை சுண்டிப் பார்த்தேன். தொப் என்றது. மூடியின்மேல் துணியை ஓட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த கடிகாரத்தைத் துடைக்கப் போனேன்.