மிஞ்சின எண்ணெய்

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் மின்சாரம் நின்றபின், கடற்கரைத் தெரு வாசிகசாலைக்கு விளக்கேற்றுவது அற்புதராணியின் வேலையாயிற்று. அதுவரை கூட்டித் துடைக்கத்தான் ஊர்ச்சபை அவளை வைத்திருந்தது. சந்தைக் குத்தகைக் காசில் சபை மண்ணெண்ணெய் வாங்கி, பிள்ளைப்பேற்று விடுதிக்கும் வாசிகசாலைக்கும் மாதாமாதம் பிரித்துக் கொடுத்தது.

அவளுடைய புருஷன் பிலிப்பு கடலுக்குப் போய்த் திரும்பாதவன். பிள்ளைகள் இல்லை. பொழுதுபட்டபின் பேப்பர் பார்க்க வருகிறவர்களின் பேச்சுத்தான் அவள் நாள் முழுவதும் கேட்கிற மனிதக் குரல். கதவோரம் குந்தியிருந்து கேட்பாள். வாய் திறக்கமாட்டாள்.

எண்ணெய் தீர்ந்தால் வாசிகசாலையைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் அவள் எண்ணெய் குடிக்கும் அரிக்கன் லாம்புகளை ஒதுக்கினாள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனைய மட்டும் எண்ணெய் விட்டு, நூல்திரி போட்டாள். சுவருக்கு வெள்ளையடித்தாள். ஆட்கள் இருக்கிற வாங்குகளை நெருக்கிப் போட்டாள்.

"எடேய் இன்னாசி, தலையை எடு. உன்ரை மொட்டையிலை பட்ட வெளிச்சம் என்ரை கண்ணைக் குத்துது," என்பார், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற தில்லைநாதன்.

"குத்தட்டும் அண்ணை. சபைக்கு ஒரு விளக்கு மிச்சம்," என்பார் இன்னாசித்தம்பி.

அற்புதராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

மாதக் கடைசியில் ஒரு போத்தல் எண்ணெய் மிஞ்சியது. பிலிப்புவின் வள்ளத்தில், விடிய விளக்கில் மிஞ்சின எண்ணெயை வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் திருப்பிக் கொடுப்பது வழக்கம். நாணயமான வள்ளத்துக்குத்தான் மறுநாள் அவர் முதலில் எண்ணெய் அளப்பார். அந்த நினைப்பில் போத்தலைக் கொண்டுபோய்ச் சபைச் செயலாளர் பஞ்சலிங்கத்தின் மேசையில் வைத்தாள்.

"மிஞ்சினதோ? இந்த நாளிலை எண்ணெய் திருப்பித் தாற ஆளை இப்பதான் காணுறன். கெட்டிக்காரி!"

வீடு வரும்வரை அந்தச் சொல் அவளோடு வந்தது.

அடுத்த மாதம் பாதி எண்ணெய்தான் கிடைத்தது. அதற்கடுத்த மாதம் அவள் பஞ்சலிங்கத்தின் முன் வெறும் எண்ணெய்க் கானோடு நின்றாள்.

"உனக்குக் குறைய இருந்தாலும் சமாளிக்கத் தெரியும், பிள்ளை. விடுதியிலை அப்பிடியே? பிள்ளை பிறக்கிறது பகல் பாத்தே பிறக்குது? வாசிகசாலையை இனிப் பொழுதுபட முன்னம் பூட்டு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்கடை வள்ளத்திலை இப்படி இல்லை ஐயா என்று சொல்ல நினைத்தாள். வெறுங்கானைத் தூக்கிக்கொண்டாள்.

"ஓம் ஐயா."

மேசையை மேற்கு யன்னலோரம் இழுத்துப் போட்டாள். பகலில் ஆட்களுக்குத் தோட்டமும் சங்கக்கடைப் பங்கீட்டு வரிசையும் இருந்தன. ஒருவரும் வரவில்லை. மடிப்புக் குலையாமல் கிடந்த பேப்பரை அவளே விரித்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்துக்கூட்டித்தான் போக முடிந்தது.

ஒருநாள் கருக்கல் பொழுதில் பூட்டோடு நிற்கையில் தில்லைநாதன் தடியூன்றி வந்தார்.

"பூட்டப் போறியோ? உந்தப் பேப்பரிலை என்ன போட்டிருக்கெண்டாவது சொல்லன், பிள்ளை."

அவர் உள்ளே வந்து வாங்கில் குந்தினார். இருட்டிவிட்டது. அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகமும் அவருக்குத் தெரிந்திராது.

"சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வருமாம், ஐயா."

"அதைத்தானே போன மாதமும் போட்டவங்கள். வேறை?"

பகலில் எழுத்துக்கூட்டினதை அவள் சொன்னாள். கப்பல் செய்தி, மழைச் செய்தி, மரண அறிவித்தல்கள் எல்லாம் சொன்னாள். தன் குரல் இவ்வளவு நேரம் நீண்டதே அவளுக்குப் புதுமையாக இருந்தது. கேட்டு முடித்து அவர் எழும்பி, தடியைத் தட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அவள் விடியவே வந்து, கடைசிப் பக்கம்வரை எழுத்துக்கூட்டினாள். பொழுதுபட்டது. பூட்டைக் கையில் வைத்தபடி, தெருவில் தடிச் சத்தம் கேட்கிறதா என்று நின்றாள்.