தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஸ்பானிய மொழி

என் கணவர் சுவிஸ் மலைப்பகுதியான எங்கடினில் ஹோட்டல் சமையல்காரர். லீவில் கூர் நகரிலுள்ள வீட்டுக்கு வந்தால், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு முணுமுணுப்பார்: "அப்லாரீயா, கொமெரீயா, விவிரீயா." ஸ்பானிய மொழி. எல்லா வினைச்சொல்லுக்கும் அதே 'ஈயா' வால். போனில் தேடினேன். கதைப்பேன், சாப்பிடுவேன், வாழ்வேன் என்று காட்டியது. யாரோடு? அந்த ஹோட்டலில் ஸ்பெயின்காரிகளும் வேலை செய்கிறார்கள்.

ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன்.

"ஆர் அவள்?"

ஈரத் தலையோடு வெளியே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு எனக்குப் பின்னால் வந்து நின்ற எங்கள் மகளைப் பார்த்தார். அவள் அழத் தொடங்கினாள்.

"இவள் ஒரு ஸ்பெயின் பொடியனை விரும்புறாள். தாய் தகப்பன் சம்பந்தம் கதைக்க வருகினம். 'உங்கட மகன் இஞ்ச வாழுவாரோ' எண்டு மரியாதையாக் கேக்க வேணுமெல்லோ? அதுக்குத்தான் இந்த 'ஈயா'. 'நான்' எண்டாலும் 'அவர்' எண்டாலும் அதே வால்தான்."

"எனக்கேன் ஒளிச்சனீங்கள்?"

மகள் தகப்பனுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நான் அவரைச் சந்தேகித்த நாளெல்லாம், நான் சம்மதிக்க மாட்டேன் என்று இருவரும் எனக்குப் பயந்திருக்கிறார்கள்.

"எங்களோட சாப்பிடுவியளோ எண்டு எப்பிடிக் கேக்கிறது?" என்றேன், குரலை இறக்கி.

"கொமெரீயான். ரெண்டு பேரெல்லோ, கடைசியில ஒரு 'ன்' வரும்."

இப்போதெல்லாம் குளியலறையில் முணுமுணுப்பது நான்.