கேட்டுவிட்டுத் தொடுகிறவன்

அக்கா, நீ எனக்குப் படித்துக் காட்டின தொடர்கதையில் முதல் பாகம் முழுக்க வெட்டும் குத்தும்தான். மலைநாட்டுக்காரி ஒருத்தி, அவள் கூப்பிட்டால் இடி வந்து விழும். அவளைப் பிடிக்க வந்த பகைநாட்டுத் தளபதி அவள் ஊரையே எரித்தான். அவள் அவன் தோளில் ஈட்டியை இறக்கினாள். இரண்டாம் பாகத்தில் வேறொரு படைக்குப் பயந்து இரண்டு பேரும் ஒரே குகைக்குள் ஒளிய வேண்டியதாகிவிட்டது. அவள் தொடையில் அம்பு. பிடுங்காவிட்டால் செத்துவிடுவாள். அத்தனை தலையைச் சீவினவன் அப்போது அவளிடம் கேட்டான், "தொடலாமா?" என்று.

அந்த இடத்தில் நீ படிப்பதை நிறுத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாய்.

நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குப் பொறுமை கிடையாது. காளவாசல் கிரில் பட்டறையிலிருந்து கண்ணெரிச்சலோடு விளாங்குடி வீட்டுக்கு வருவேன். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு நீ படிப்பதைக் கேட்பேன்.

"ஏக்கா, மூணாவது பாகமே முடியப்போகுது. இன்னும் கையக்கூடப் பிடிக்கல. இவன் தளபதியா சாமியாரா?"

"பொறுடா. ஒனக்கு எல்லாம் டீக்கடையில சொன்ன மாதிரி ஒடனே வரணும்."

"அம்புட்டுப் பேர வெட்டுறான், இதுக்குப் போயி பயப்படுறானே!"

"வெட்டுறதுக்கு அவனுக்குப் பயமில்லடா. தொடுறதுக்குத்தான் பயம். அதான் எனக்குப் புடிச்சிருக்கு."

அது ஆடி மாதம். கல்யாணமாகி முதல் ஆடி என்று உன்னை அழைத்து வந்திருந்தோம். வெயிலிலும் முழங்கை வரைக்கும் மறைக்கிற ஜாக்கெட்தான் போட்டிருந்தாய். துணி காயப்போடக் கையைத் தூக்கினபோது பார்த்தேன். ஜாக்கெட் கை ஏறின இடத்தில், முழங்கைக்கு மேலே பல் பதிந்த தழும்பு, அதன் மேல் இன்னொன்று.

உன்னைக் கட்டினவன் வெளியாள் இல்லை. அம்மாவின் கடைசித் தம்பி. அம்மா தூக்கி வளர்த்த பிள்ளை. "எங்கக்கா மக எனக்குத்தான். வேற எவனாச்சும் தாலியோட வந்தா மண்டபத்துல தலை உருளும்" என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே குடித்துவிட்டு வாசலில் கத்துவான். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் இப்படிப் பேசினால் அதைப் பாசம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வெளியில் மாப்பிள்ளை பார்த்திருந்தால் பத்துப் பேரிடம் விசாரித்திருப்பார்கள். இவனைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

பாதி ஆடியில் அவன் பழங்காநத்தத்திலிருந்து பைக்கில் வந்து கேட்டை எட்டி உதைத்தான்.

"அனுப்புங்கய்யா என் பொண்டாட்டிய!"

"ஆடி முடியட்டும் மாப்ள," என்றார் அப்பா.

"ஆடியாவது கோடியாவது! என் பொருளக் கேக்க எனக்கு நாள் பாக்கணுமா?"

சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டால் அப்பாவின் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். நான் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தேன். அவன் என் விரலைப் பின்னால் மடக்கினான். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அம்மா நடுவில் வந்து விழுந்தாள். என்னைத்தான் பிடித்து இழுத்தாள்.

"மாமாடா அவன்! மாமா மேல கை வைக்கிற?"

அவன் போன பிறகு அப்பாவின் மூக்கில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு நீ சொன்னாய், "நான் போகமாட்டேம்மா. கொன்னுருவான்."

"என் தம்பி கோவக்காரன்தான். ஆனா பாசக்காரன்டி. ஒரு புள்ள வந்துட்டா சரியாயிரும்."

ஆவணி பிறந்ததும் சீர்த்தட்டோடு உன்னைக் கொண்டுபோய் விட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு நான் வாசலை மறித்து நின்றேன். சித்தப்பா என்னை அறைந்து ஓரமாகத் தள்ளினார். நீ திரும்பிப் பார்த்து, "வாரேன்டா" என்று மட்டும் சொன்னாய்.

நடந்ததைப் பிறகு அங்கே உங்கள் பக்கத்து வீட்டுக்காரம்மாதான் சொன்னார்கள். மத்தியானம், ஜன்னல் திறந்திருந்தது. "கேட்டுட்டுத் தொடு மாமா" என்று நீ சொன்னாயாம். அழவில்லையாம், சாதாரணமாகத்தான் சொன்னாயாம். அவன் சிரித்தானாம். நீ மறுபடியும் சொன்னாயாம். அதற்கப்புறம் அம்மிக்குழவியின் சத்தம்தான் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் உன் முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. காதோரம் இருந்த மச்சத்தைப் பார்த்துத்தான் அப்பா கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கதை இன்னும் வாராவாரம் வருகிறதாம். என்னால் அதைத் திறக்க முடியவில்லை. திறந்து தீ வைக்க வேண்டும் போலிருக்கிறது. சில நாள் அந்தத் தளபதி மேல்கூட ஆத்திரம் வருகிறது. அப்படி ஒருத்தன் இருப்பான் என்று உனக்கு ஏன் அவன் காட்டினான்?

அம்மா ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருகிறாள். கோயிலில் உன் பேரோடு அவன் பேரையும் சேர்த்துச் சொல்லி அர்ச்சனை செய்கிறாள். கேட்டால், "ரெண்டும் நான் தூக்குன புள்ளைகதானடா" என்கிறாள். ஒருநாள் அந்தப் பிரசாதத் தட்டைச் சுவரில் வீசி அடித்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி, எங்கள் அக்காவுக்காக ஒரு நிமிஷம் கும்பிடுங்கள். கூட யாரையும் சேர்க்காமல் அவளுக்கு மட்டும் கும்பிடுங்கள். அவள் போன இடத்துக்கு உரிமை சொல்லிக்கொண்டு யாரும் வந்து கூப்பிடக் கூடாது என்று கேளுங்கள்.