ரெமிஜியஸ் விழாமல் கடலுக்குப் போனது

பெங்களூர் விவேக் நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போகும் ஒரே அப்பன் ரெமிஜியஸ்தான். புத்தகப்பை கேரியரில் இருக்கும், பிள்ளை பக்கத்தில் நடந்து வரும். 1993இல் அல்சூர் பக்கம் ஓர் இறக்கத்தில் பிரேக் அறுந்து, முன்பாரில் உட்கார்ந்திருந்த மகள் பிரபாவோடு விழுந்தான். அவள் முகவாயில் ஆறு தையல். அன்றிலிருந்து அவளை ஏற்றுவதில்லை. இறக்கம் வந்தால் தானும் இறங்கிவிடுவான்.

நானும் அவனும் ஒரே பட்டறையில் லேத் ஓட்டுகிறவர்கள். "ஏத்தத்துல மூச்சு முட்ட மிதிக்கிறே, சும்மா உருள்ற எடத்துல தள்றே. உன் சைக்கிளுக்கே பேஜாரா இருக்கும்டா" என்று நான் கிண்டல் செய்யாத நாளில்லை.

மங்களூர்க் கடல்வரை சைக்கிளில் போகலாம் என்று கிளப்பிவிட்டதும் நான்தான். அவன் இழுத்தடித்துக்கொண்டிருந்தபோது ஒன்பது வயது பிரபா குறுக்கே புகுந்தாள்.

"கடல் வரைக்கும் விழாம போய்ட்டியானா என்னை சைக்கிள்ல ஏத்திக்கணும்பா. என் தலைமேல சத்தியம் பண்ணு."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

1996 டிசம்பரில் கிளம்பினோம். மூன்று நாள் மிதித்து, ஹாசன், பேலூர் தாண்டி, சார்மாடி மலைப்பாதையின் உச்சிக்கு வந்தோம். கீழே பனிமூட்டம், அதற்குள் வளைந்து வளைந்து இறங்கும் ரோடு. ரெமிஜியஸ் வழக்கம்போல சீட்டை விட்டு இறங்கினான்.

"இருபது கிலோமீட்டருக்கு மேலடா! முழுக்கத் தள்ளுவியா?"

"தள்ளுவேன். நீ ஜல்தி போய் கீழே டீ சொல்லி வை."

போனேன். ராஜா மாதிரிதான் போனேன். ஐந்தாவது வளைவில் பிரேக் ரப்பர் கருகி, பிடிக்கவேயில்லை. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. மறுபக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் மோதி விழுந்தேன். முழங்கால் உரிந்ததோடு போயிற்று.

ஒரு மணி நேரம் கழித்து ரெமிஜியஸ் தள்ளிக்கொண்டு வந்தான். பதறாத காரியம் சிதறாது என்று மட்டும் அவன் சொல்லியிருந்தால் கல்லால் அடித்திருப்பேன். சொல்லவில்லை. துண்டைக் கிழித்து என் காலில் கட்டினான். பிறகு இரண்டு பேருமே தள்ளிக்கொண்டு இறங்கினோம். மானம் போனால் போகிறது, உயிர் இருந்தது. அடிவாரத்துச் சைக்கிள் கடையில் என் பிரேக்கைச் சரிசெய்துகொண்டோம்.

மறுநாள் சாயங்காலம் பணம்பூர் கடற்கரை. ரெமிஜியஸ் சைக்கிளோடு முழங்கால் தண்ணீர்வரை போய் நின்றான். "முடிஞ்சிடுச்சுடா நோயல். விழலைடா" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். எனக்கும் அழுகை வந்தது. மூன்று வருடமாக இவனை என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு மகளைக் கூப்பிடச் சொன்னான். நானும் ரிசீவருக்குக் காதைக் கொடுத்தேன்.

"பிரபா, அப்பா கடலுக்கு வந்துட்டேன். விழலை."

"மலைமேலேர்ந்து ஓட்டிக்கிட்டா வந்தே?"

ஆமாம் என்று சொல்லுடா என்று நான் சைகை காட்டினேன்.

"இல்லம்மா. தள்ளிக்கிட்டுதான் வந்தேன்."

ரெமிஜியஸ் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரி, திங்கக்கிழமை என்னை ஏத்திக்கோ" என்றாள் பிரபா. "இறக்கம் வந்தா நானும் உன்கூட இறங்கிக்கிறேன்."