நெல்லடிக்கும் கட்டை

ஜப்பானின் ஒகினாவாத் தீவின் பழைய ஆயுதப் பயிற்சிக்கு இத்தாலியின் பலெர்மோவில் நாங்கள் இரண்டு தமிழர்தான் போனோம். நானும், என்னோடு அறையைப் பகிர்ந்திருந்த நண்பரும். அவர் ஒரு சிஞ்ஞோரா அம்மாளின் வீட்டில் சமையல் வேலை செய்தார். நான் ஊரில் சரித்திரம் படிப்பித்தவன் என்பதால் என்னை மாஸ்டர் என்பார்.

பிரான்காச்சோப் பகுதியில் ஒரு சிறு மண்டபத்தில் பயிற்சி. நுன்சாக்கு என்பது சங்கிலியால் பிணைத்த இரண்டு கட்டைகள். அதை முதன்முதலில் எடுத்த அன்று, திரும்பும் பஸ்ஸில் நான் அதன் சரித்திரம் சொன்னேன். ஆட்சியாளர்கள் ஆயுதங்களைப் பறித்தார்கள்; விவசாயிகள் நெல்லடிக்கும் கட்டையை ஆயுதமாக்கி ஒளித்துப் பழகினார்கள் என்றேன். அதற்கு உறுதியான சான்று இல்லை, பழகியவர்களில் பலர் மேட்டுக்குடியினரும் அதிகாரிகளும்தான் என்று அப்போதே படித்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

"எங்கட சனத்தின்ர கதை மாதிரியெல்லோ, மாஸ்டர்!"

அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

ஓகஸ்டில் மண்டபத்தைப் பூட்டிவிட்டுப் பயிற்சியாளர் வெளியூர் போனார். நாங்கள் ஒரு பட்டறையின் பின்முற்றத்தில் பழகினோம். ஒரு நாள் நண்பர் எனக்கு முன்னே புறப்பட்டார். பஸ் தரிப்பில் பொலிஸ் அவருடைய பையைத் திறந்து நுன்சாக்குவை எடுத்தது. பயிற்சிக்குப் போகிறேன் என்றிருக்கலாம். அவரோ என் கதையைச் சொன்னார்: இது ஆயுதமில்லை, நெல்லடிக்கும் கட்டை.

"பலெர்மோவில் உன் வயல் எங்கே?" என்று சிரித்தார்களாம்.

பொலிஸ் நிலையத்திலிருந்து எனக்குப் போன் எடுத்தார்.

"மாஸ்டர், நாங்கள் ரெண்டு பேரும் பழகிறனாங்கள் எண்டு இஞ்சை வந்து ஒருக்காச் சொல்லுங்கோ. வழக்குப் போட்டா பெர்மெஸ்ஸோ போயிடும்."

"வாறன்" என்றேன்.

என் வதிவிட அனுமதியையும் அந்த மாதம்தான் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அங்கே போனால் என் பெயரையும் எழுதுவார்கள். போனை நிறுத்திவிட்டுக் கட்டிலில் இருந்தேன். காலணிகூடப் போட்டிருந்தேன்.

மாலையில் அவர் வந்தார்.

"பஸ் கிடைக்கேல்லையோ, மாஸ்டர்?"

"ஓம், கிடைக்கேல்லை."

வழக்குப் பதிவானது. என் அனுமதி வந்தது. அவருக்கு அடுத்த தடவை கிடைக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டார்.

போன வாரம் அங்கிருந்து கதைத்தார்.

"மச்சானுக்கு அந்த ஒகினாவாக் கதை சொன்னனான். விசரன், நம்பாமல் பகிடி பண்ணுறான். நீங்கள் படிப்பிச்ச ஆள், சொன்னாக் கேப்பான். உண்மைதானே, மாஸ்டர்?"

"போனை அவரிட்டைக் குடுங்கோ" என்றேன்.

முதலிலிருந்து, ஒன்றும் விடாமல், பஸ்ஸில் சொன்ன அந்தக் கதையை மறுபடியும் சொன்னேன்.