விருந்தாளிக் கூடத்து மலைப்பாம்பு

துகிரான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தோள்கம்பில் டெம்பே என்னும் சோயாக் கட்டிகளைச் சுமந்து தெருத்தெருவாக விற்றவர், இன்று அதே ஊரில் இரண்டு டெம்பே ஆலைகளுக்கு முதலாளி; ஊரே 'பாக்', அதாவது ஐயா, என்று அழைக்கிறது. அவர் கட்டிய எதுவும் சின்னதாக இருந்ததில்லை. அவருடைய வாடகை அறையில் தங்கியிருந்த மாணவன் ஒருவன் தண்ணீர்க் கேனில் அடைத்துப் போட்டுவிட்டு ஓடிப்போன மலைப்பாம்புக்கும் அப்படித்தான் வீடு கட்டினார். தேக்குச் சட்டம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நான்கு விளக்கு. வைத்தது விருந்தாளிக் கூடத்தின் நட்டநடுவில்.

பறவைச் சந்தையில் வெள்ளெலி விற்கும் இபு ருஸ்மினி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது பாம்புக்கு வீடா பாக், இல்ல நகைக்கடையா? ஒடம்ப ஒட்டிப் படுக்க ஒரு இருட்டுப் பெட்டி போதும் அதுக்கு. ஒரு பக்கம் கதகதப்பு, ஒரு பக்கம் குளுமை, முங்கிக் கெடக்கத் தண்ணி. எலி தின்னா ரெண்டு நாள் தொடாதீங்க. தொட்டா கக்கிடும்."

"ரெண்டு ஆலைய தூக்கி நிறுத்துனவன் நான். ஒரு பாம்பு எம்மாத்திரம்?"

பாம்பு முதல் எலியை விழுங்கிய மறுநாளே ஊர்த் தலைவர் வந்தார்.

"கழுத்துல போட்டு ஒரு படம் எடுத்துக்கலாமா பாக்?"

வீடு தேடி வந்தவரிடம் மாட்டேன் என்பது அங்கே கன்னத்தில் அறைவதற்குச் சமம். துகிரான் பாம்பை எடுத்துக் கொடுத்தார். எலி முழுசாகத் தலைவரின் பாத்திக் சட்டையில் வந்து விழுந்தது.

அந்தக் கதை பரவியதும் கூட்டம் இரட்டிப்பானது. தினம் தேநீர், தினம் கண்ணாடித் தட்டல். ஆறு வாரமாகப் பாம்பு எதையும் தொடவில்லை. முதுகெலும்பு கயிறு போலப் புடைத்தது. கண்ணாடி மூலையில் முட்டி முட்டி மூக்குத் தோல் உரிந்தது. துகிரான் நாற்காலியில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்து போக அவருக்கும் வழியில்லை.

"இன்னொரு தடவ கக்குனா செத்துரும்," என்றாள் ருஸ்மினி. "ஆள் வராத எடமா பாருங்க."

"துகிரான் வீட்ல ஆள் வராத எடமே கெடையாது!" என்று முழங்கியவரின் குரல் பாதியில் இறங்கியது.

இருந்தது. வீட்டுப் பின்கட்டில், டெம்பே புளிக்கவைக்கும் பழைய அறை. அவித்த சோயாவை இலையில் பொதிந்து அடுக்கி, பூசணம் பிடிக்கும் வரை விட்டுவைக்கும் இடம். அப்படிச் சோயா 'தூங்கும்போது' அன்னியர் நுழையக் கூடாது என்பது தொழில் வழக்கம். தலைவரானாலும் வாசலோடு சரி. புது ஆலை வந்தபின் அறை காலி, ஆனால் ஒரு சுவருக்குப் பின்னால் இன்னும் அடுப்பு எரிகிறது. எதிர்ச்சுவரில் கிணற்றடியின் குளுமை. பழைய டெம்பே பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, துளை அறுத்து, தண்ணீர்ச் சட்டி வைத்து, பாம்பை உள்ளே விட்டு, செத்த எலியையும் போட்டு அறையைப் பூட்டினார்.

நாலாம் நாள் பிற்பகல் தலைவர் மைத்துனரோடு வந்தார். கண்ணாடி வீடு காலி.

"பாம்பு எங்க பாக்?"

"இருங்க தலைவரே, சோயா தூங்குது. ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்."

விருந்தாளியை விட்டு அவர் எழுந்து போனது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. உள்ளே போய்த் தாழிட்டார். தரையில் எலி இல்லை. துளைக்குள் டார்ச் அடித்தால், பாம்பின் நடுவயிற்றில் ஒரு புடைப்பு.

"எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கோம் பாக்!" என்றது வெளியே தலைவரின் குரல்.

"இப்பத்தான் கண்ணசந்திருக்கு தலைவரே! ரெண்டு நாளாகும்!"

வண்டி கிளம்பவில்லை. தேநீர்க் கோப்பைதான் தட்டில் உரசியது. துகிரான் வெதுவெதுப்பான சுவரில் முதுகைச் சாய்த்து, பெட்டியை ஒட்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.