ஆறு நாற்பது வண்டியின் கண்டக்டர்

மாலை ஆறு நாற்பதுக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து வடமதுரை வழியாகக் குஜிலியம்பாறைக்குப் போகும் தனியார் பேருந்தில் ஏறியவர்களுக்கு ஜெகபர் அலியைத் தெரியாமல் இருக்க முடியாது. பேகம்பூர்க்காரர். வயது நாற்பத்தைந்து. காதில் பேனா, விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள், வாயில் விசில். எவ்வளவு நெரிசலிலும் முன்படிக்கும் பின்படிக்கும் இடையே அவர் நெளிந்து நுழைந்து வரும் லாகவத்தைப் பார்த்தால், இந்த மனிதர் ஒரு காலத்தில் பந்து ஆடியவர் என்று யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். ஆடியது என்னவோ ஒரே ஒரு வருஷம்தான். அதற்குள் முழங்கால் போய்விட்டது. கால்பந்துப் பைத்தியம் மட்டும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தால் வண்டிக்கு மாற்று ஆளைப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். நிக்காஹ் அன்றைக்கு மேட்ச் இருந்திருந்தால் மாப்பிள்ளைக்கும் மாற்று ஆளைத்தான் அனுப்பியிருப்பார் என்று அவர் மனைவி ஷமா சொல்லாத நாள் கிடையாது. மைதானத்திலும் அவருக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. ஒருமுறை பரபரப்பில் பழக்க தோஷத்தால் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதிவிட்டார். ஆடிக்கொண்டிருந்த இரண்டு டீமும் நின்றுவிட்டன. கோலுக்குள் போக வேண்டிய பந்து பாதியில் நின்றது. அன்று முதல் உள்ளே நுழையும்போதே விசிலைக் கோச் மிக்கேல்ராஜிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

டீமின் பெயர் வைகறை மகளிர் கால்பந்துக் கழகம். விடாமல் வந்து பார்க்கும் ரசிகர்கள் பதினோரு பேர். ஒருவர் பூட்ஸ் வாங்கிக் கொடுப்பார், ஒருவர் வேன் பிடிப்பார், ஒருவர் வீட்டில் சோறு பொங்குவார்கள். அதனால் வெளியூர்ப் பெண் ஒருத்தியை டீமில் சேர்ப்பதானால் அந்தப் பதினோரு பேரையும் கேட்காமல் மிக்கேல்ராஜ் சேர்க்க மாட்டார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தை ஒட்டிய டீக்கடை மேசையில் புது ஜெர்சியை விரித்துப் போடுவார். சம்மதிக்கிறவர்கள் அதன்மேல் கை வைக்க வேண்டும். பதினோரு கையும் விழுந்தால்தான் செல்லும். கை வைத்த பிறகு யாரும், எந்தத் தோல்விக்கும், "நான் அப்பவே சொன்னேன்" என்று வாயைத் திறக்கக் கூடாது. நம் ஊரில் இப்படி ஒரு சட்டத்தை நாலு பேர் சேர்ந்து காப்பாற்றுவதே பெரிய காரியம்.

இந்த வருஷம் மேசையில் விரித்தது ஒன்பதாம் எண் ஜெர்சி. அதைப் போட வேண்டியவள் தமிழ்மதி. வயது பதினெட்டு. குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் மழையை நம்பிக் கடலை போடும் குடும்பம். திண்டுக்கல்லில் கல்லூரி முதல் வருஷம் படிக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்துவிட்டு அவள் ஊருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ரசிகர்கள் நாலு ரவுண்டு டீ குடித்தும் முடிவாகவில்லை. அவள் அடித்த அடியைக் கோல் கீப்பர் பார்க்கவே இல்லை என்றார் ஒருவர். தலையைத் தூக்கிப் பார்க்காமலே ஓடுகிறாள், பந்து வருமுன்னே எதிராளிகளைத் தாண்டிப் போய் ஐந்து தடவை ஆஃப்சைடில் நின்றாள் என்றார் இன்னொருவர். திருச்சியில் அனுபவமுள்ள ஒரு பெண் இருக்கிறாள், அவளைக் கூப்பிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. மேட்ச் அன்றைக்கு மட்டும் வந்து இறங்குகிறவளுக்குத் தன்னோடு ஆடுகிறவர்கள் பெயர்கூடத் தெரியாது என்று அந்தப் பேச்சு அடிபட்டது. கடைசியில் ஒவ்வொரு கையாக ஜெர்சிமேல் வந்தது. ஒன்பது கை விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஜெகபர் அலியின் கையும் சடையாண்டியின் கையும்.

சடையாண்டி வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கும் ஆட்களுக்குத் தலைவர். அறுபது வயது. குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படாது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆட்டத்துல நான் கொற சொல்லல. இது நிலைக்காது. நாலு வருசத்துக்கு முன்னாடி பொன்னழகுன்னு ஒரு புள்ள, இதே ரூட்டு, இதே ஒம்பதாம் நம்பரு. மொதக் கைய வச்சவன் நான். செமி ஃபைனலுக்கு மொத நாளு பிராக்டிஸ் முடிச்சுட்டு ஊருக்குப் போச்சு, திரும்பி வந்துச்சா? கேட்டா பஸ்ஸ விட்டுட்டேன்னுச்சாம். அம்புட்டுத் தூரத்துலருந்து வர்ற புள்ளைகளுக்கு ஆட்டம் அவ்வளவுதாம்ப்பா" என்றார். பிறகு ஜெகபர் அலி பக்கம் திரும்பினார். "ஒன் ரூட்டுதான, நீயே சொல்லு."

நாலு வருஷமாக இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஜெகபர் அலி ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருந்தார். ஆமாம், நிலைக்காது. அன்றும் அதைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். தமிழ்மதியின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

தனியார் பேருந்துக்காரர்களுக்கு நிமிஷம்தான் உயிர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஆறு நாற்பது வண்டி இரண்டு நிமிஷம் தாமதித்தால் பின்னால் நிற்கும் ஆறு ஐம்பது வண்டிக்காரன் ஹார்னிலேயே கையை வைத்துவிடுவான். வழியில் ஏறும் ஆட்களை யார் அள்ளுவது என்கிற சண்டை அது. பொன்னழகு பஸ்ஸை விட்டுவிட்டதாகச் சொன்ன அந்த நாள், பின்படியில் நின்றிருந்தவர் ஜெகபர் அலி. பழக்கடைகளைத் தாண்டி, பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் ஓடி வருவதை அவர் கண்ணால் பார்த்தார். பின்னால் ஹார்ன் அலறியது. இரண்டு விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. அவள் எட்டி வந்து வண்டியின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டினாள். இரண்டு தட்டு. அவர் திரும்பவில்லை.

ஆறு ஐம்பது வண்டி வடமதுரை தாண்டி வேறு பக்கம் பிரிந்துவிடும். அவள் ஊருக்கு அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. அப்பா மொபெட்டில் வந்து கூட்டிப்போனார். இனிமேல் பந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

"மாமு, அந்தப் புள்ள பஸ்ஸ விடல" என்றார் ஜெகபர் அலி. "நான்தான் விட்டுட்டுப் போனேன். ஓடி வந்தத பாத்துட்டுத்தான் விசில் அடிச்சேன்."

டீ மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஜெகபர் அலி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

சடையாண்டி கத்துவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் குரல் இறங்கியிருந்தது. "நாலு வருசமா இந்த வாயால அதப் போட்டு ஏசிருக்கேன். நீயும் பக்கத்துல ஒக்காந்து ஆமா போட்டுருக்க." டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். "எங்ககிட்ட சொல்லி என்னத்துக்கு? அதுகிட்ட போய்ச் சொல்லு. சொல்லிட்டு வா, அடுத்த ஞாயித்துக்கெழம நான் கைய வைக்கலாமா வேணாமான்னு பாக்குறேன்."

மிக்கேல்ராஜ் ஜெர்சியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பொன்னழகைத் தேடிப் போக வேண்டிய அவசியம் ஜெகபர் அலிக்கு இல்லை. தினமும் அவர் வண்டியில்தான் அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறாள். வடமதுரை பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. தலைமுடியில் பஞ்சுத் துகளோடு ஏறி, சரியான சில்லறையை நீட்டி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாலு வருஷத்தில் இருவரும் ஊர்ப் பெயரைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

திங்கட்கிழமை கூட்டம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை கூட்டம் இல்லை, ஆனால் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை பக்கத்தில் போய் நின்று, வாயைத் திறந்து, "டிக்கெட்" என்று ஏற்கெனவே வாங்கிய டிக்கெட்டையே கேட்டு வைத்தார். ஆயிரம் பேரை அதட்டி உள்ளே தள்ளும் வாய் ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் மென்று விழுங்கியது. அன்றிரவு ஷமாவிடம் சொன்னார். அவள் கேலி செய்யவில்லை. நாளைக்கும் சொல்லாமல் வந்தால் இந்த வீட்டில் கால்பந்து என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். "பொன்னழகு, அன்னிக்கு நீ ஓடி வந்தத நான் பாத்தேன்மா. பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கச் சொன்னேன். மன்னிச்சிரு."

அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பாத்தது தெரியும்ணே" என்றாள். "நான் தட்டுனது ஒங்களுக்குக் கேட்டுச்சா இல்லையான்னுதான் தெரியாது."

"கேட்டுச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் போயிற்று. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஜெகபர் அலிக்கு அந்த இடத்தை விட்டுப் போகக் கால் வரவில்லை. ஏன் இவ்வளவு நாள் கழித்துச் சொல்கிறார் என்று அவள் கேட்டாள். அவர் தமிழ்மதியைப் பற்றிச் சொன்னார். ஐந்து ஆஃப்சைடு உட்பட எல்லாவற்றையும் சொன்னார். ஆஃப்சைடு என்றதும் அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"பிராக்டிஸ் எத்தன மணிக்கு முடியுது? இன்னும் ஆறரைதானா?"

"ஆமா."

"கிரவுண்டுலருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா இருவது நிமிசம் ஆகும்ணே, ஓடுனாலும் பத்து நிமிசம். ஆறேகாலுக்கு விடச் சொல்லுங்க. அப்ப நான் தெனமும் ஓடித்தான் வந்தேன். ஒருத்தரும் கேக்கல."

ஜெகபர் அலிக்குச் சுருக்கென்றது. பந்தை எந்தக் காலால் உதைக்கிறாள், தலையைத் தூக்குகிறாளா, எத்தனை முறை ஆஃப்சைடு என்று எண்ணத் தெரிந்த பதினோரு பேருக்கு, ஆறரைக்கும் ஆறு நாற்பதுக்கும் நடுவே பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று எண்ணத் தெரியவில்லை. அதிலும் ஒருவர் அந்த வண்டியின் கண்டக்டர்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் ஜெர்சியை மறுபடி விரித்தபோது ஜெகபர் அலி பொன்னழகு சொன்னதை அப்படியே சொன்னார். ஆறேகாலுக்குப் பயிற்சியை முடிப்பதில் தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று மிக்கேல்ராஜ் சொன்னார். சொன்னவர் முகத்தில் ஈயாடவில்லை, நாலு வருஷம் முன்பே அதைச் செய்திருக்கலாமே என்று. அப்போதுதான் கடை வாசலில் பொன்னழகு வந்து நின்றாள். ஞாயிறு அவளுக்கு லீவு. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

சடையாண்டி எழுந்து தன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். "வா தாயி. ஒன்னய நெறயா ஏசிட்டேன்" என்றார்.

"டீ சொல்லுங்கய்யா" என்றாள் அவள். பிறகு மேசைக்கு வந்து, ஒன்பதாம் எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதன்மேல் கை வைத்தாள். ரசிகர்கள் பதினோரு பேர்தான், பன்னிரண்டாவது கைக்குச் சட்டத்தில் இடம் இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. அவள் கைக்குப் பக்கத்தில் சடையாண்டியின் கை வந்து விழுந்தது. கடைசியாக ஜெகபர் அலி வைத்தார்.

கிளம்பும்போது பொன்னழகு, அடுத்த வாரத்திலிருந்து தனக்கு முதல் ஷிப்டு என்றும், மதியம் இரண்டு மணிக்கே மில்லை விட்டுவிடுவார்கள் என்றும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். மிக்கேல்ராஜ் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்.

பயிற்சி தொடங்கிய முதல் நாள் ஆறு நாற்பது. தமிழ்மதியைக் காணோம். ஆறேகாலுக்கே விட்டிருப்பார்கள், என்ன ஆயிற்றோ என்று ஜெகபர் அலி பழக்கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வண்டிக் கண்டக்டரிடம் காலையிலேயே பேசி இரண்டு நிமிஷம் வாங்கி வைத்திருந்தார். பதிலுக்கு இவர் வடமதுரையில் இரண்டு நிமிஷம் முன்னதாகவே வண்டியை எடுத்து, அங்கே ஏறும் ஆட்களைப் பின்வண்டிக்கு விட்டுவிட வேண்டும். அப்படி இருந்தும் நாற்பத்தொன்றுக்கே ஹார்ன் தொடங்கிவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "பாய், டைம்" என்றார். ஜெகபர் அலி விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"ஆள் வரணும்" என்றார்.

பயணிகள் முணுமுணுத்தார்கள். அவர் பின்படியிலிருந்து இறங்கித் தரையில் நின்றார். நாற்பத்திரண்டு. பழக்கடைப் பக்கம் கூட்டம் விலகியது. தமிழ்மதி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால், பழைய பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மூச்சிரைக்கச் சிரித்தபடி பொன்னழகு ஓடி வந்தாள். முதல் நாளே இவளுக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுக்கப் போய் நேரமாகிவிட்டது என்றாள்.

சின்னவளை முதலில் ஏற்றிவிட்டாள். தானும் படியில் ஒரு காலை வைத்து, ஜெகபர் அலி ஏறும்வரை பார்த்திருந்து, வண்டியின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ரைட்டுண்ணே, போலாம்" என்றாள்.